புது பேட்டரி போட்டும் செல்ஃப் எடுக்கவில்லையா?

பழைய கார்களின் சார்ஜிங் கோளாறுகள்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை தேர்ந்தெடுத்த கேள்விகள் எல்லாமே சார்ஜிங் பற்றியவை. பதில்களை வண்டியில் செய்து பார்க்க ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் கட்டாயம் வேண்டும். டெஸ்ட் லேம்ப் போதாது. 12.0 வோல்ட்டிலும் அது எரியும், 12.6 வோல்ட்டிலும் எரியும். பேட்டரி காலியா நிறைவா என்பதே அந்த 0.6 வோல்ட்டுக்குள்தான் இருக்கிறது.

கேள்வி: 1997 மாருதி 800, கார்பரேட்டர் மாடல். ஒன்றரை வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன். பகலில் ஓட்டினால் தொந்தரவில்லை. இரவில் ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்தினால், காலையில் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. சார்ஜிங் லைட் சாவி போட்டதும் எரிகிறது, ஸ்டார்ட் ஆனதும் அணைகிறது. ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: அளந்து பார்க்கும் வரை மாற்றாதீர்கள். சார்ஜிங் லைட் அணைந்தால் ஆல்டர்னேட்டர் (பெல்ட்டால் சுழன்று மின்சாரம் தயாரிக்கும் பாகம்) உற்பத்தி செய்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். உற்பத்தியானது பேட்டரிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை அந்த லைட் சொல்லாது. இரவு ஓட்டத்துக்குப் பிறகு மட்டும் பேட்டரி இறங்குகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பெல்ட்டையும் ஒயரையும் எர்த்தையும்தான் (வண்டியின் உடம்பு வழியாகக் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி).

பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். புதியது என்பதற்காக அதை விட்டுவிட வேண்டாம். மாதக்கணக்கில் அரைகுறை சார்ஜில் கிடந்த பேட்டரியின் தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டிருக்கும், அப்புறம் அது முழுக் கொள்ளளவுக்கு ஏறாது. அதை வெளியே எடுத்து மெதுவாகச் சார்ஜ் போடுங்கள். 35 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 3.5 ஆம்பியரில் 10 முதல் 12 மணி நேரம். ஓர் இரவு சும்மா வைத்துவிட்டுக் காலையில் அளந்தால் 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12 வோல்ட்டுக்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. வண்டியை ஓட்டி நிறுத்திய கையோடு அளந்தால் 12.9, 13 என்று பொய்க்கணக்கு வரும். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சில நிமிடம் கழித்து அளந்தால் உண்மை தெரியும்.

அடுத்தது செல்ஃப் அடிக்கும்போது. இக்னிஷன் காயிலின் பாசிட்டிவ் ஒயரைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றிவிட்டால் என்ஜின் பிடிக்காது. ஒருவர் பத்து விநாடி செல்ஃப் அடிக்க, இன்னொருவர் மீட்டரைப் பார்க்கட்டும். மீட்டர் முனைகள் பேட்டரியின் ஈயக் குமிழ் மேலேயே இருக்க வேண்டும், கிளாம்ப் மேல் அல்ல. முழுச் சார்ஜில் உள்ள பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி பலவீனம், அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது.

இந்த இரண்டிலும் தேறினால் சார்ஜிங்குக்கு வரலாம். என்ஜினை நிதானமாக 2000 சுற்று வரை ரேஸ் கொடுத்துப் பிடியுங்கள். எல்லா விளக்கும் அணைந்திருக்கும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். சித்திரை வெயிலில் என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு 13.6 காட்டினாலும் பயம் வேண்டாம். சூட்டில் வோல்ட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும்படிதான், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைச் செய்கிறார்கள். இப்போது ஹெட்லைட்டை ஹைபீமில் போட்டு, புளோயரையும் முழு வேகத்தில் வையுங்கள். 13.5-க்குக் குறையக் கூடாது. உங்கள் வண்டியில் இது 13-க்கும் கீழே போகும் என்று எதிர்பார்க்கிறோம். காலையில் செல்ஃப் இழுப்பதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

அதே லோடு (ஹெட்லைட்டும் புளோயரும் போட்ட நிலை), அதே ரேஸில் ஆல்டர்னேட்டரின் பின்பக்கமுள்ள பி டெர்மினலுக்கும் (பேட்டரிக்குத் தடித்த ஒயர் போகும் முனை) அதன் உலோக உடம்புக்கும் இடையே அளந்து பாருங்கள். அங்கே 14.2, பேட்டரியில் 13.0 என்று வைத்துக்கொள்வோம். ஆல்டர்னேட்டர் நல்லது. நடுவில் 1.2 வோல்ட்டை யாரோ தின்கிறார்கள். யார் என்று தெரிய, மீட்டரின் ஒரு முனையை பி டெர்மினலிலும் மறுமுனையை பேட்டரியின் பாசிட்டிவ் குமிழிலும் வையுங்கள். 0.3-க்கு மேல் வந்தால் பாசிட்டிவ் பக்கம் கோளாறு. பிறகு ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் நெகட்டிவ் குமிழுக்கும் இடையே. 0.2-க்கு மேல் வந்தால் எர்த் பக்கம் கோளாறு. லோடு இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்து பயனில்லை. கரண்ட் ஓடாவிட்டால் அழுகிய ஒயரும் பூஜ்யம்தான் காட்டும்.

பாசிட்டிவ் பக்கத்தில் வழக்கமாக மாட்டுவது மூன்று. பி டெர்மினல் நட்டு தளர்ந்து லக் (ஒயர் நுனியிலுள்ள உலோக வளையம்) கருகியிருக்கும். கரண்ட் அளவு மீறினால் உருகும் ஃபியூசிபிள் லிங்க்கின் கனெக்டர் சூடேறிப் பழுப்பாகியிருக்கும். அல்லது பேட்டரி கிளாம்ப்புக்குள் வெள்ளையும் பச்சையுமாக உப்பு பூத்திருக்கும். மீட்டரின் ஒரு முனையை பி டெர்மினலிலேயே வைத்துக்கொண்டு மறுமுனையை இணைப்பு இணைப்பாக நகர்த்திக்கொண்டே போங்கள். எண் எங்கே திடீரென்று ஏறுகிறதோ, அந்த இணைப்பில்தான் கோளாறு.

எர்த் பக்கத்தில், கியர்பாக்ஸிலிருந்து பாடிக்கு வரும் எர்த் ஒயரைப் பாருங்கள். என்ஜின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருப்பதால் இந்த ஒயர் கெட்டால் கரண்ட் திரும்பிப் போக நேர்வழி கிடையாது. கிளட்ச் கேபிளும் ஆக்சிலரேட்டர் கேபிளும் அந்த வேலையைச் செய்யத் தொடங்கிவிடும். செல்ஃப் அடித்தவுடன் கேபிள் உறை சுடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். சுட்டால் வேறு அத்தாட்சி வேண்டாம். கேபிள் அடிக்கடி அறுகிறது என்று புலம்புகிற சில வண்டிகளிலும் இதுவே காரணம். லக் உட்காரும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவலாம்.

ஆல்டர்னேட்டரின் டெர்மினலிலேயே 13-க்குக் குறைவு என்றால் முதலில் பெல்ட். நடுவில் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால் ஏறக்குறைய 10 மி.மீ. இறங்க வேண்டும். ‘வி’ பெல்ட் புல்லியின் இரு பக்கச் சுவரில்தான் பிடிக்க வேண்டும். புல்லியின் அடித்தளம் பளபளப்பாக இருந்தால் பெல்ட் தேய்ந்து அடியில் உட்கார்ந்துவிட்டது. அதை எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும், கூடுதலாக இறுக்கினால் பேரிங்தான் போகும். பெல்ட் சரி என்றால் மீட்டரை ஏ.சி. (மாறுதிசை மின்சாரம்) வோல்ட்டுக்கு மாற்றி, லோடோடு பேட்டரியில் அளந்து பாருங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் ஏ.சி. தெரிந்தால், ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் டயோடு ஒன்று போயிருக்கிறது. ஏ.சி. அதற்குக் குறைவாக இருந்தால், சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷும் ரெகுலேட்டரும் பாக்கி. பிரஷ், ரெகுலேட்டர், டயோடு பிளேட், பேரிங் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கின்றன. முழு ஆல்டர்னேட்டரையும் தூக்கிப் போடச் சொல்பவரிடம் இவற்றில் எது கெட்டது என்று கேளுங்கள்.

கேள்வி: ஆல்டர்னேட்டர் பொருத்திய பிரீமியர் பத்மினி. டேஷ்போர்டு பல்புகளை எல்லாம் எல்.இ.டி.யாக மாற்றினேன். அதிலிருந்து, ஸ்டார்ட் செய்தவுடன் சார்ஜ் ஏறுவதில்லை. ஒரு தடவை நன்றாக ரேஸ் கொடுத்தால்தான் ஏறுகிறது. சில நாள் அதற்கும் மசிவதில்லை.
– வாசகர், சேலம்

பதில்: விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். சார்ஜிங் லைட்டின் பல்பு வெறும் அறிவிப்புக்காக வைத்தது அல்ல. ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் ரோட்டார் ஒரு மின்காந்தம். அதற்கு முதல் கரண்ட் பேட்டரியிலிருந்து அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. ரோட்டார் காந்தமாகி உற்பத்தி தொடங்கியதும் பல்பின் இரு முனையிலும் ஒரே வோல்ட் வந்துவிடும், பல்பு அணையும். 2, 3 வாட் பல்பு 200 மில்லி ஆம்பியர் அளவுக்கு விட்டது. எல்.இ.டி. 10, 20 மில்லி ஆம்பியர்தான் விடும். ரோட்டாரில் தங்கியிருக்கும் பழைய காந்தசக்தியை நம்பி அதிக வேகத்தில் ஆல்டர்னேட்டர் தானாக விழித்துக்கொள்கிறது.

சார்ஜிங் லைட்டுக்கு மட்டும் பழைய பல்பைத் திரும்பப் போடுங்கள். எல்.இ.டி.தான் வேண்டும் என்றால் அதற்கு இணையாக 47 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சேருங்கள். அது சூடாகும். பிளாஸ்டிக்கை ஒட்டி வைக்க வேண்டாம். மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: சாவி போட்டதும் சார்ஜிங் லைட் எரியாவிட்டால் ‘பல்புதானே’ என்று விடாதீர்கள். பல்பு ஃபியூஸ் போனாலும், பிரஷ் தேய்ந்து ரோட்டாரின் ஸ்லிப் ரிங் என்ற வளையத்தைத் தொடாவிட்டாலும், ரோட்டார் காயில் அறுந்தாலும் அதே அறிகுறிதான். ஆல்டர்னேட்டரிலிருந்து மெல்லிய லைட் ஒயரைக் கழற்றி, சாவி போட்டு, எர்த்தில் தொடுங்கள். லைட் எரிந்தால் ஒயரும் பல்பும் சரி, கோளாறு ஆல்டர்னேட்டருக்குள்ளே. சாவியை எடுத்த பிறகும் லைட் மங்கலாக எரிந்தால் அது வேறு கதை: பாசிட்டிவ் டயோடு ஷார்ட். அன்று இரவே பேட்டரி காலியாகும்.

கேள்வி: 1974 அம்பாசடர் மார்க் 2. டைனமோதான் இருக்கிறது. ஐடிலிங்கில் சிவப்பு லைட் மினுக்குகிறது, வேகம் எடுத்தால் அணைகிறது. டைனமோவைத் தூக்கிவிட்டு ஆல்டர்னேட்டர் போடச் சொல்கிறார்கள். வண்டியைப் பழைய நிலையிலேயே வைத்திருக்க ஆசை.
– வாசகர், காரைக்குடி

பதில்: ஐடிலிங்கில் லைட் மினுக்குவது டைனமோ (ஆல்டர்னேட்டருக்கு முந்தைய டி.சி. ஜெனரேட்டர்) வண்டியின் சுபாவம். அந்த வேகத்தில் டைனமோவின் வோல்ட் பேட்டரியைவிடக் குறைவு. கட்-அவுட் என்ற தானியங்கி சுவிட்ச் திறந்துகொண்டு, பேட்டரியிலிருந்து கரண்ட் டைனமோவுக்குத் திரும்பிப் பாயாமல் தடுக்கிறது. டைனமோ ஏறக்குறைய 13 வோல்ட்டைத் தொட்டதும் கட்-அவுட் பாயின்ட் மூடும், லைட் அணையும். நெடுஞ்சாலை வேகத்திலும் லைட் எரிந்தால்தான் கவலை.

சந்தேகம் தீர ஒரு சோதனை. டைனமோவில் டி என்ற பெரிய டெர்மினல், எஃப் என்ற சிறிய டெர்மினல் இரண்டு உண்டு. இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு, டியையும் எஃபையும் ஒரு துண்டு ஒயரால் சேருங்கள். அந்த இணைப்புக்கும் டைனமோ உடம்புக்கும் இடையே மீட்டர். ஐடிலிங்கிலிருந்து மெதுவாக, 1000 சுற்றுக்கு மேல் போகாமல் ஏற்றுங்கள். வோல்ட் விறுவிறுவென்று ஏற வேண்டும். 20-ஐ எட்டவிடாமல் நிறுத்திவிடுங்கள், இந்த நிலையில் ரெகுலேட்டரின் கட்டுப்பாடு கிடையாது. அப்படி ஏறினால் டைனமோ நல்லது, குற்றம் கட்-அவுட் பெட்டியிலோ (ரெகுலேட்டரும் அதற்குள்தான்) ஒயரிலோ. மீட்டர் அசையவே இல்லை என்றால் பிரஷ். 1 வோல்ட்டோடு நின்றால் ஃபீல்டு காயில் (காந்தப்புலம் தரும் சுருள்). 5 வோல்ட் அளவில் நின்றால் ஆர்மேச்சர் (உள்ளே சுழலும் சுருள்).

பிரஷ் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டர் கறுத்திருந்தால், கண்ணாடித்தூள் ஒட்டிய நைசான உப்புத்தாளால் சுற்றிலும் ஒரே சீராகத் தேயுங்கள். எமரித்தாள் வேண்டாம், அதன் துகள் மின்சாரம் கடத்தும், செம்புத் தகடுகளுக்கு நடுவே புதைந்துகொள்ளும். தகடுகளுக்கு இடையில் உள்ள மைக்கா, செம்பின் மட்டத்துக்கு ஏறியிருந்தால் பிரஷ் துள்ளும். இரும்பு அறுக்கும் ஹேக்ஸா பிளேடின் பக்கங்களைத் தேய்த்து மெல்லியதாக்கி, மைக்காவை 0.8 மி.மீ. ஆழத்துக்குக் கீறி எடுக்க வேண்டும். பின்பக்கப் புஷ்ஷுக்கு எண்ணெய் விடும் துளை இருந்தால் இரண்டு சொட்டு போதும். வழிய விட்டால் பிரஷ்ஷில் ஏறும்.

டைனமோவைக் கழற்றி மாட்டிய பிறகு சார்ஜ் ஏறவில்லையா? காந்தத் திசை மாறியிருக்கலாம். எஃப் ஒயரைக் கழற்றி, பேட்டரியின் எர்த் ஆகாத குமிழிலிருந்து ஓர் ஒயரை எடுத்து டைனமோவின் எஃப் டெர்மினலில் இரண்டு மூன்று விநாடி தொட்டு எடுங்கள். சிறு பொறி பறக்கும். அவ்வளவுதான். பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்துத் தொட வேண்டாம், டைனமோ முனையில் தொடுங்கள். பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும். கட்-அவுட் பெட்டிக்குள் பாயின்ட்டை வளைத்து ‘வோல்ட் ஏற்றும்’ கைவைத்தியத்தை யாரும் செய்யவிட வேண்டாம். அது பேட்டரியைக் கொல்லும், அல்லது டைனமோவை எரிக்கும்.

பகல் ஓட்டத்துக்கும், அளவான விளக்குகளோடு இரவு ஓட்டத்துக்கும் நல்ல டைனமோ தாராளம். ஏ.சி., பெரிய ஸ்பீக்கர் என்று சேர்க்காதவரை நீங்கள் மாற்ற வேண்டியதில்லை என்பதே எங்கள் எண்ணம். மாற்றுபவர்களுக்குச் சில எச்சரிக்கை. முதலில் எந்தக் குமிழ் எர்த் என்று பாருங்கள். அந்தக் காலத்து வண்டிகளில் பாசிட்டிவ் எர்த்தும் உண்டு, கடையில் கிடைக்கும் ஆல்டர்னேட்டர்களோ நெகட்டிவ் எர்த்துக்குச் செய்தவை. தலைகீழாக இணைத்தால் டயோடுகள் அந்த நொடியே போகும். டைனமோவின் பழைய ஒயரையும் டேஷ்போர்டு அம்மீட்டரையும் நம்பிப் புதிய கரண்ட்டை விடக் கூடாது. பி டெர்மினலிலிருந்து செல்ஃப் சொலினாய்டில் (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) பேட்டரி ஒயர் வரும் போல்ட்டுக்கு, 6 சதுர மி.மீ.க்குக் குறையாத செம்பு ஒயரைத் தனியாக இழுத்து, 50 ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள். கட்-அவுட் பெட்டியின் ஏ, ஏ1 ஒயர்களை ஒன்றாகச் சேர்த்து, டியில் உள்ள மெல்லிய லைட் ஒயரை ஆல்டர்னேட்டரின் லைட் டெர்மினலுக்குக் கொண்டுபோங்கள். எஃப் ஒயரும் பழைய தடித்த டி ஒயரும் இனி வேலையற்றவை, நுனியை மூடிக் கட்டிவிடுங்கள். பழைய பெட்டியை அதே இடத்தில் வெறுமனே விட்டுவைத்தால் பானெட்டைத் திறப்பவர் கண்ணுக்கு வண்டி பழையபடியே இருக்கும்.

கேள்வி: பேட்டரி ஒயரைக் கழற்றிய பிறகும் என்ஜின் ஓடினால் ஆல்டர்னேட்டர் நல்லது என்கிறார்களே?
– வாசகர், விழுப்புரம்

பதில்: செய்யாதீர்கள். ஓடும் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரியைப் பிரித்தால் வோல்ட் நொடியில் பல பத்துக்குத் தாவும். டயோடு, ரெகுலேட்டர், ஸ்டீரியோ, பெட்ரோல் இன்ஜெக்ஷன் வண்டியாக இருந்தால் கம்ப்யூட்டரும் சேர்ந்து போகலாம். நல்லதா என்று பார்த்த சோதனையே அதைக் கெடுத்துவிடும். டிங்கரிங் வேலைக்கு ஆர்க் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி ஒயரையும் ஆல்டர்னேட்டர் கனெக்டரையும் கழற்றச் சொல்வதும் இதே காரணத்துக்காக.

கேள்வி: 2001 டாடா சுமோ டீசல். ஒரு வருடத்துக்குள் மூன்றாவது தடவையாக ஆல்டர்னேட்டர் பிரஷ் மாற்றுகிறேன். கழற்றினால் உள்ளே கறுப்புக் களிம்பாக இருக்கிறது.
– வாசகர், தேனி

பதில்: அந்தக் களிம்பு என்ஜின் ஆயிலும் கார்பன் தூளும் கலந்தது. டீசல் என்ஜினில், பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் (உறிஞ்சு விசை) தானாகக் கிடைக்காது. அதனால் இந்த வகை வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் பின்முனையில், அதே தண்டில் வேக்குவம் பம்ப்பை மாட்டியிருப்பார்கள். பம்ப்புக்கு என்ஜினிலிருந்து ஆயில் வந்து, திரும்ப சம்ப்புக்கு (என்ஜினின் ஆயில் தொட்டி) போகும். நடுவிலுள்ள ஆயில் சீல் தேய்ந்தால் ஆயில் ஆல்டர்னேட்டருக்குள் வரும், பிரஷ்ஷும் ஸ்லிப் ரிங்கும் குளிக்கும். சீலை மாற்றாமல் பிரஷ்ஷை மட்டும் மாற்றினால் நான்காவது தடவையும் வரும்.

புது சீலும் சீக்கிரம் ஒழுகினால் பம்ப்பிலிருந்து ஆயில் திரும்பும் ஹோஸைப் பாருங்கள். மடங்கியோ அடைத்தோ இருந்தால் ஆயில் தேங்கி, சீலைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் ஊற்றும் மூடி வழியாகப் புகை தள்ளுகிற என்ஜினிலும் அப்படியே. சீல் உட்காரும் தண்டில் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டினால் புது சீலும் தாங்காது. களிம்பைப் பெட்ரோலில் ஊறவைத்துக் கழுவக் கூடாது, காயில் வார்னிஷ் கெடும். எலக்ட்ரிக்கல் கிளீனர் அடித்து, துடைத்து, முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள்.

இந்த வண்டிகளில் பெல்ட் அறுந்தால் சார்ஜ் மட்டும் போவதில்லை, வேக்குவமும் போகும். சேமித்திருக்கும் வேக்குவத்தில் ஓரிரு மிதி கிடைக்கும், அதன் பிறகு பிரேக் கல்லாகிவிடும். ஸ்டார்ட் ஆன டீசலுக்கு அதிகம் கரண்ட் தேவைப்படாது என்பதால் வண்டி எதுவும் நடக்காதது போல ஓடிக்கொண்டே இருக்கும். டீசல் வண்டியில் ஓடும்போது சிவப்பு லைட் எரிந்தால், முக்கியமாக உங்கள் பக்கத்து மலைப்பாதையில், ‘வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்’ என்று ஓட்டக் கூடாது. வேலை முடிந்ததும் பம்ப்பையும் சோதியுங்கள். என்ஜின் நிற்கும்போது பிரேக்கைப் பலமுறை மிதித்து இறுக விடுங்கள், மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி சற்றுக் கீழே இறங்க வேண்டும்.

கேள்வி: வாரம் ஒருமுறைதான் காரை எடுக்கிறேன். ஓட்டும்போது பேட்டரியில் 14.2 வோல்ட் வருகிறது. ஐந்தாம் நாள் செல்ஃப் ‘டக்’ என்கிறது, சுற்றுவதில்லை.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சார்ஜிங் சரி. நிற்கும் வண்டியில் கரண்ட் கசிகிறது. சாவியை எடுத்து, கதவுகளை மூடி, பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். கழற்றிய ஒயருக்கும் குமிழுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் மாட்டுங்கள், சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளைக்கு மாற்ற மறக்க வேண்டாம். இப்படி மாட்டியிருக்கும்போது சாவி போடுவதோ செல்ஃப் அடிப்பதோ கூடாது. கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். கடிகாரமும் ஸ்டீரியோ நினைவும் மட்டுமுள்ள பழைய வண்டியில் 20, 30 மில்லி ஆம்பியர் இருக்கலாம். 50-ஐத் தாண்டினால் தேட வேண்டும். 200 மில்லி ஆம்பியர் பார்வைக்குச் சின்ன எண். ஆனால் ஒரு நாளைக்கு 4.8 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் நான்கு நாளில் பாதிக்கு மேல் போய்விடும்.

ஒவ்வொரு ஃபியூஸாக எடுங்கள். எதை எடுத்ததும் எண் விழுகிறதோ அந்த லைனில் திருடன் இருக்கிறான். டிக்கி லைட் சுவிட்ச், பிரேக் லைட் சுவிட்ச், பின்னால் சேர்த்த சென்ட்ரல் லாக், சாவியைக் கேட்காமல் நேராக பேட்டரியில் கொடுத்த ஸ்டீரியோ: இவை நாலும் அடிக்கடி மாட்டுபவை. எல்லா ஃபியூஸையும் எடுத்தும் எண் விழவில்லை என்றால், மீட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, பேட்டரி இணைப்பில்லாத நிலையில் ஆல்டர்னேட்டர் பி டெர்மினல் ஒயரைக் கழற்றுங்கள். அதன் நுனியை மூடிவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். இப்போது விழுந்தால் டயோடு கசிவு. 14.2 வோல்ட் கொடுக்கும் ஆல்டர்னேட்டரிலும் டயோடு கசியும், அதனால்தான் இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பேட்டரியின் மேல்மூடியில் அமிலமும் தூசியும் சேர்ந்த ஈரப்படலமும் கரண்ட்டைக் கடத்தும். மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவ் குமிழில் வைத்து, மறுமுனையை மூடியின் மேல் நகர்த்துங்கள். அரை வோல்ட் காட்டினாலே கழுவ வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து துடைத்து, நல்ல தண்ணீரால் மறுபடி துடையுங்கள். செல் மூடிகள் இறுகியிருக்கட்டும், சோடா உள்ளே போனால் பேட்டரி கெடும்.

கேள்வி: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது. பானெட்டைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம்.
– வாசகர், தூத்துக்குடி

பதில்: ஓவர் சார்ஜ், அல்லது பேட்டரியில் ஒரு செல் ஷார்ட். பிரித்துச் சொல்வது சுலபம். ரேஸில் 15 வோல்ட்டுக்கு மேல் வந்தால் ரெகுலேட்டர் பக்கம். 14.2 என்று அளவாக இருந்தும் பொங்கினால் பேட்டரி. அதை உறுதி செய்ய, ஓர் இரவு வைத்து அளந்து பாருங்கள், செல் ஷார்ட் ஆன பேட்டரி 10.5 பக்கம் நிற்கும். ஹைட்ரோமீட்டரில் (அமிலத்தின் அடர்த்தி அளக்கும் கருவி) ஆறு செல்லையும் பாருங்கள், ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.050-க்கு மேல் குறைந்தால் அந்த செல் போய்விட்டது.

15-க்கு மேல் என்றால் உடனே ரெகுலேட்டரை வாங்கிவிட வேண்டாம். தனியாக வோல்ட் பார்க்கும் ஒயர் உள்ள ஆல்டர்னேட்டரில், அந்த ஒயர் சாவி சுவிட்ச் வழியாக வந்தால், தேய்ந்த சுவிட்ச் ஒரு வோல்ட்டை விழுங்கியிருக்கலாம். ரெகுலேட்டருக்கு 14.2 தெரியும்போது பேட்டரியில் 15.2 இருக்கும். சாவி போட்டு அந்த ஒயருக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் இடையே அளந்து, 0.2-க்கு மேல் இருந்தால் முதலில் சுவிட்ச்சைச் சரி செய்யுங்கள். நாற்றம் வரும்போது பேட்டரிப் பக்கத்தில் சிகரெட்டோ, ஸ்பேனர் உரசிய பொறியோ கூடாது. நாற்றத்தோடு சேர்ந்து வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கும்.

கேள்வி: ஹெட்லைட்டில் 100/90 வாட் பல்பு, பின்னால் ஆம்ப்ளிஃபையர் போட்டிருக்கிறேன். ஏ.சி.யும் உண்டு. டிராஃபிக்கில் நின்றால் விளக்கு மங்குகிறது. பெரிய பேட்டரி போட்டால் சரியாகுமா?
– வாசகர், சென்னை

பதில்: ஆகாது. குழாயில் வரும் தண்ணீர் குறைவாக இருக்கும்போது தொட்டியைப் பெரிதாக்கி என்ன பயன்? கூட்டிப் பாருங்கள். ஹைபீமில் இரண்டு 100 வாட் பல்பு 15 ஆம்பியர், பழைய 60 வாட் பல்பு என்றால் 9. இக்னிஷன் 3, 4. ரேடியேட்டர் ஃபேன், ஏ.சி. கண்டென்சர் ஃபேன், புளோயர், கம்ப்ரசர் கிளட்ச் சேர்த்து 20-ஐத் தாண்டும். ஆம்ப்ளிஃபையர் 10 என்று வைத்தாலும் மொத்தம் 45-க்கு மேல். ஆல்டர்னேட்டர் லேபிளில் 35 அல்லது 40 என்று எழுதியிருந்தால் அது வேகத்தில் கிடைக்கும் அளவு. ஐடிலிங்கில் அதில் பாதிதான் தேறும்.

முதலில் 60/55 பல்பைத் திரும்பப் போட்டு, ஹெட்லைட்டுக்கு ரிலே (சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) வையுங்கள். ரிலேக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு 2.5 சதுர மி.மீ. ஒயர் போதும். பழைய வண்டிகளில் ஹெட்லைட் கரண்ட் முழுவதும் ஸ்டீரிங் பக்கத்து சுவிட்ச் வழியாகப் போய் வருவதால் பல்புக்கு 11 வோல்ட் சேர்ந்தாலே அதிசயம். ரிலே வைத்தால் 13-க்கு மேல் கிடைக்கும், 60 வாட்டின் வெளிச்சமே உங்களுக்குப் போதும் என்று தோன்றும். அதற்குப் பிறகும் மங்கினால் அதே மவுண்டிங்கில் உட்காரும் அதிக ஆம்பியர் ஆல்டர்னேட்டரைத் தேடலாம். அதோடு பி டெர்மினல் ஒயரையும் எர்த் ஒயரையும் தடிமனாக மாற்றச் சொல்லுங்கள்.